மிக்கேலம்மாள் கேட்ட நன்மை

எனக்கு வாய் கொஞ்சம் நீளம். மட்டாஞ்சேரியில் எங்கள் சந்தில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். கார்ப்பரேஷனில் தெருக்கூட்டுகிறவள், பெயர் சங்கரி, அவளிடம் மட்டும் வாயைக் கொடுக்காதே என்று. சொல்லிவிட்டுப் போகட்டும். நான் இங்கே சொல்ல வந்தது என் தலைக்கு மேல் குடியிருக்கும் மிக்கேலம்மாளைப் பற்றி.

தலைக்கு மேல் என்றால் நிஜமாகவே தலைக்கு மேல்தான். பஜார் ரோட்டுக்குப் பின்னால், ஒரு காலத்தில் சுக்கும் மிளகும் அடுக்கி வைத்திருந்த கிடங்கு எங்கள் வீடு. இப்போது கீழே ஓர் அறையில் நான், மேலே ஓர் அறையில் அவர். நடுவில் மரப்பலகைதான். அவர் நடந்தால் என் சோற்றில் தூசி விழும். "பெரியம்மா, மெள்ள நடங்க!" என்று கீழேயிருந்து கத்துவேன். "நீ தட்ட மூடி வச்சுத் தின்னுளா!" என்று மேலேயிருந்து பதில் வரும். நாள்கணக்கில் எங்கள் பேச்சு அவ்வளவோடு முடிந்துவிடும்.

எனக்கும் யார் இருக்கிறார்கள் பேச? கட்டினவன் வேறொருத்தியோடு போனான். மகன் விக்கி ஏலூர் கம்பெனியில் கான்ட்ராக்ட் வேலை, அங்கேயே பெண்டாட்டியோடு இருக்கிறான். ஞாயிற்றுக்கிழமை போன் பண்ணுவான். "சாயா குடிச்சோ அம்மா?" என்பான். "குடிச்சேன்" என்பேன். வைத்துவிடுவான்.

பெரியம்மாவுக்கு அந்தப் போனும் இல்லை. மணப்பாட்டுப் பக்கத்துக் கடற்கரைக்காரர். கல்யாணம் ஆன சூட்டோடு புருஷன் சந்தியாகுவோடு கொச்சிக்கு வந்தவர். சந்தியாகு வெலிங்டன் தீவில் மூட்டை தூக்கினார். காலையில் படகு ஜெட்டிக்குப் போய் போட் ஏறினால், பொழுது சாயத்தான் திரும்புவார். பெரியம்மா இதே கிடங்கில் உட்கார்ந்து சுக்கு தரம் பிரித்தார். கூட இருந்த பெண்கள் எல்லாரும் தமிழ்க்காரிகள். அதனால் மலையாளம் அவருக்குக் காதில் ஏறியதே தவிர நாக்கில் இறங்கவில்லை. பிள்ளை கிடையாது. ஒரு மத்தியானம் சந்தியாகு மூட்டையை இறக்கி வைத்துவிட்டு நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார். அதோடு சரி. கூட வேலை பார்த்த பெண்கள் ஒவ்வொருத்தியாக மகன் வீடு, மகள் வீடு என்று போய்விட்டார்கள். இவருக்குப் போக வீடு இல்லை.

ஆனால் ஞாயிற்றுக்கிழமை மட்டும் அவரைப் பார்க்க வேண்டும். விடிவதற்குள் குளித்து, வெள்ளைச் சேலை கட்டி, தலையில் முக்காடு போட்டு, பச்சைத் தண்ணீர் பல்லில் படாமல் கோயிலுக்கு நடப்பார். கோயில் என்றால் அவர்களுடைய கோயில். இங்கே பள்ளி என்பார்கள், சாமியாரை அச்சன் என்பார்கள். ஒரு நாள் எனக்குப் பொறுக்கவில்லை.

"பட்டினியாக் கெடந்து அவ்வளவு தூரம் நடக்கிறீங்களே, அச்சன் சொல்றதுல பாதி உங்களுக்கு மனசிலாகாது. என்ன கிட்டுது அங்க?"

"பூச புரிஞ்சா என்ன புரியலைன்னா என்னளா? கடைசில நன்மை தருவாங்கல்லா."

நன்மை தருவார்கள் என்றால் ஏதோ புண்ணியம் கிடைக்கும் என்கிறார் போல என்று நினைத்துக்கொண்டேன். நான் சுடலைமாடனைக் கும்பிடுகிறவள், எனக்கென்ன தெரியும்? இப்போதுதான் தெரிகிறது. பூசையில் சாமியார் நாக்கில் வைக்கிறாரே வட்டமாக, வெள்ளையாக, காகிதம் போல ஓர் அப்பம், அதற்குத்தான் அவர்கள் ஊரில் நன்மை என்று பெயர். மந்திரம் சொன்ன பிறகு அது அப்பமில்லை, யேசுவே அதில் வந்துவிடுகிறார் என்று நம்புகிறார்கள். பிள்ளைகளுக்கு முதன்முதலாகக் கொடுப்பதைப் புதுநன்மை என்று ஊரே கொண்டாடுமாம். மலையாளத்துக்காரர்கள் இதையே குர்பானா என்கிறார்கள். அவர்கள் வாயில் நன்ம என்று வந்தால் அது வெறும் நல்லது, அவ்வளவுதான். இந்த ஒற்றை வார்த்தையில்தான் எல்லாம் வந்து சிக்கியது.

போன மழைக்காலத்தில் பெரியம்மா படியில் வழுக்கி விழுந்தார். இடுப்பெலும்பு. ஆஸ்பத்திரியில் கம்பி வைத்துத் தைத்தார்கள். நாலு பேர் நாற்காலியோடு தூக்கி மேலே கொண்டுபோய் விட்டார்கள். பிறகு அவர் கீழே இறங்கவேயில்லை. எங்கள் படியைப் பார்த்தால் தெரியும், அது படியில்லை, சாய்த்து வைத்த ஏணி. நான் ரேஷன் வாங்கிக் கொடுப்பேன், தண்ணீர் ஏற்றிக் கொடுப்பேன், வாசலிலேயே வைத்துவிட்டு வேலைக்கு ஓடுவேன். கிறிஸ்துமஸ் போயிற்று. ஈஸ்டரும் போயிற்று. ஞாயிற்றுக்கிழமை காலையில் மட்டும் மேலே பலகை கிறீச்சிடும். குளித்துச் சேலை மாற்றிக்கொண்டு ஜன்னலோரம் உட்கார்ந்திருப்பார். எங்கே போக? பாவம்.

ஈஸ்டர் கழிந்து ஒன்றரை மாசம் ஆனபோது ஷைலஜா சேச்சி சந்துக்குள் வந்தார். பள்ளியில் எங்கள் பக்கத்துக் குடும்பங்களைப் பார்த்துக்கொள்கிறவர். நல்ல பெண், ஆனால் எப்போதும் ரயிலைப் பிடிக்கப் போகிற அவசரம். படிக்குக் கீழே நின்றே கூப்பிட்டார்.

"அம்மச்சீ! படி இறங்கான் வய்யாத்தவர்க்கு பள்ளியில்நின்னு நன்ம வீட்டில் கொண்டுவரும். அம்மச்சிக்கு வேணோ?" படி இறங்க முடியாதவர்களுக்குப் பள்ளியிலிருந்து நன்ம வீட்டுக்கே வரும், வேண்டுமா என்கிறார்.

மேலேயிருந்து பெரியம்மாவின் குரல் கேட்டது. அப்படி ஒரு குரலை நான் அதற்கு முன் கேட்டதில்லை. "வேணும் தாயே. வேணும், வேணும்" என்று அழுதார்.

"வெள்ளியாழ்ச்ச வராம்" என்று சொல்லிவிட்டு ஷைலஜா சேச்சி ஓடிவிட்டார்.

நன்ம என்பது பள்ளியில் புதிதாக ஆரம்பித்த உதவித் திட்டத்தின் பெயர். முடியாதவர்கள் வீட்டுக்கு அரிசி, சீனி, சாயாப்பொடி, எண்ணெய் எல்லாம் ஒரு பையில் போட்டுக் கொடுப்பார்கள். இது எனக்குத் தெரியும். பெரியம்மாவுக்குத் தெரியாது. அவருக்குத் தெரிந்த நன்மை எனக்குத் தெரியாது. ஐந்து கிலோ அரிசிக்கா ஒரு மனுஷி இப்படி அழுவாள் என்று எனக்கு மனசு சங்கடமாகப் போயிற்று. நாம் இவ்வளவு நாளும் அரைப்பட்டினி போட்டுவிட்டோமோ என்றுகூட நினைத்தேன்.

அன்றே கூப்பிட்டு ஒரு மெழுகுவர்த்தியும் வெள்ளைத் துணியும் வாங்கி வரச் சொன்னார்.

"அரிசி கொண்டு வாறவங்களுக்கு மெழுகுவர்த்தி எதுக்கு?" என்று நான் கேட்டிருந்தால் அப்போதே குட்டு உடைந்திருக்கும். நான் கேட்டது வேறு: "கரன்டு இருக்கே, மெழுகுவர்த்தி எதுக்கு?"

"வாறவர் யாருன்னு நெனச்ச? ராசால்லா வாறாரு!" என்று சிரித்தார். ராஜன் என்று பள்ளிக் கமிட்டியில் ஒருத்தர் உண்டு. அவர்தான் வருகிறார் போல என்று வாங்கிக் கொடுத்துவிட்டேன்.

வெள்ளிக்கிழமை மத்தியானம் நான் வேலை முடிந்து வரும்போது ஷைலஜா சேச்சியும் இன்னும் இரண்டு பெண்களும் படியிறங்கிக்கொண்டிருந்தார்கள். "கொடுத்து கேட்டோ" என்று, கொடுத்தாயிற்று என்கிற அர்த்தத்தில், என்னிடம் சொல்லிவிட்டு, எடுத்த போட்டோவைப் போனில் பார்த்துக்கொண்டே போனார்கள். நானும் ஒரு வேலை முடிந்தது என்று படுத்துவிட்டேன்.

சாயங்காலம் வரை மேலே ஒரு சத்தமும் இல்லை. அடுப்புப் பற்ற வைக்கிற சத்தம்கூட இல்லை. எனக்கு என்னமோ மாதிரி இருந்தது. ஏறிப் போய்ப் பார்த்தேன். ஒரு ஸ்டூலில் வெள்ளைத் துணி விரித்து, அதன் மேல் சிலுவை, ஒரு கிளாஸில் தண்ணீர், எரிந்து பாதியான மெழுகுவர்த்தி. பெரியம்மா கட்டிலில் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தார். முக்காடு எடுக்கவில்லை. அரிசிப் பை கட்டு அவிழ்க்காமல் கதவோரம் கிடந்தது.

"சாப்பிட்டாச்சா?"

முக்காட்டை இன்னும் கொஞ்சம் முன்னுக்கு இழுத்துக்கொண்டார்.

"என்ன பெரியம்மா, காலைல என்ன தின்னீங்க?"

"ஒண்ணும் திங்கல. நேத்து ராத்திரிலேருந்து திங்கல. நன்மை வாங்கப் போறவ எப்பிடித் திம்பா?"

எனக்கு வந்ததே கோபம். "அதான் வாங்கியாச்சே! இந்தா கெடக்கு! பையிலேயே எழுதியிருக்கே நன்மன்னு!" தமிழ் எழுத்தை நான் தடவித் தடவித்தான் படிப்பேன், மலையாளம் சரளம். பையைத் தூக்கி அவர் முகத்துக்கு நேரே காட்டினேன். பட்டினி கிடந்த மனுஷியிடம் கத்துகிறோமே என்ற புத்திகூட அப்போது எனக்கு இல்லை.

பெரியம்மா அந்த எழுத்தைப் பார்த்தார். அவருக்கு அது படிக்கத் தெரியாது.

"எனக்கு அவரக் குடுக்கப் பிடிக்கலளா. அதான் அரிசியக் குடுத்து அனுப்பிட்டாரு சாமியாரு."

"எவரை?"

அப்போதுதான் எல்லாம் சொன்னார். நன்மை என்றால் என்ன, அது எப்படி இருக்கும், ஏன் வயிறு காலியாக இருக்க வேண்டும் எல்லாம். ஈஸ்டர் காலம் முடிவதற்குள் வருஷத்துக்கு ஒரு தடவையாவது வாங்க வேண்டுமாம், அது கட்டளையாம். காலம் முடிய இனி ஒரு வாரம்கூட இல்லை. அதோடு, நன்மை வாங்கும் முன் பாவத்தைச் சாமியாரிடம் சொல்லி மன்னிப்புக் கேட்க வேண்டும். தமிழ் தெரிந்த பழைய சாமியார் மாற்றலாகிப் போன பிறகு பெரியம்மா அதைச் செய்யவே இல்லை. மலையாளத்தில் பாவத்தைச் சொல்ல இவருக்கு வார்த்தை கிடையாது.

"பாவத்தோட இருக்கவளுக்கு நன்மை கெடையாது, கஞ்சி குடிச்சிட்டுக் கெட அப்பிடின்னு சொல்லாமச் சொல்லிட்டாரு. நியாயந்தானே. ஆனா ஒரு வார்த்த நேர்ல வந்து சொல்லியிருக்கலாம்ளா."

அழவில்லை. அதுதான் எனக்குத் தாங்கவில்லை. கஞ்சி வைத்துத் தருகிறேன் என்றேன், வேண்டாம் என்றார். அந்த அரிசியைத் தொடாதே, அது எனக்கு வந்ததில்லை என்றார். கடைசியில் என் வீட்டிலிருந்து சாயாவும் பன்னும் கொண்டுவந்து, கத்திக் கத்திக் குடிக்க வைத்தேன்.

மறுநாள் காலை வேலைக் கோட்டோடு நேரே பள்ளி முற்றத்துக்குப் போனேன். சிஜு அச்சன் வேலியோரம் செடிக்குத் தண்ணீர் விட்டுக்கொண்டிருந்தார். சின்ன வயசு, வந்து ஒரு வருஷம்கூட ஆகாத புது அச்சன். வழியெல்லாம் நான் சேர்த்து வைத்திருந்த வசவு வாய் வரைக்கும் வந்துவிட்டது. அந்த முகத்தைப் பார்த்து அடக்கிக்கொண்டேன்.

"அச்சா, எங்க மேல உள்ள அம்மச்சிக்கு நன்ம கிட்டியில்ல."

"கிட்டியல்லோ சேச்சி!" என்று போனை எடுத்துப் போட்டோவைக் காட்டினார்.

"இதல்ல அச்சா. வேற நன்ம. அப்பம்."

"அப்பமோ?" அவர் முகத்தில் ஒரே குழப்பம். "ராவிலே தின்னானுள்ள அப்பமோ? கறியும் வேணோ?"

காலைப் பலகாரத்துக்குத் தின்கிற அப்பமா என்கிறார். அட கடவுளே என்று ஆகிவிட்டது எனக்கு. கொச்சியில் போய் அப்பம் என்றால் முட்டைக்கறிதான் கூட வரும். எப்படிச் சொல்வது? பெரியம்மா சொன்ன பெயர்கள் எல்லாம் தமிழ். இவர்கள் சொல்கிற பெயர் அப்போது எனக்குத் தெரியாது. வேறு வழி தெரியவில்லை. கண்ணை மூடினேன், கை இரண்டையும் நெஞ்சில் கூப்பினேன், வாயைத் திறந்து நாக்கை முழுசாக வெளியே நீட்டினேன். பள்ளி முற்றத்தில், வேலைக் கோட்டோடு, ஒரு சாமியாரைப் பார்த்து. இரண்டு விரலால் நாக்கின் மேல் ஒன்றை வைப்பது போலச் செய்து காட்டினேன்.

தண்ணீர்க் குழாய் கீழே விழுந்தது.

"என்றெ ஈசோயே... குர்பானயோ!"

"அதே. எங்க தமிழ்ல அதுக்கு நன்மைன்னு பேரு."

அச்சன் போட்டோவை மறுபடி எடுத்துப் பார்த்தார். நானும் எட்டிப் பார்த்தேன். பெரியம்மா கையில் பையைப் பிடித்துக்கொண்டு நிற்கிறார். போட்டோ எடுக்கிறவர்களைப் பார்க்கவில்லை. கண் அவர்களைத் தாண்டி வாசலில் நிற்கிறது, இன்னும் யாரோ வர வேண்டியிருக்கிற மாதிரி. அவருக்குப் பின்னால் வெள்ளைத் துணியும் சிலுவையும் எரிகிற மெழுகுவர்த்தியும் தெளிவாகத் தெரிந்தன. அந்தப் போட்டோவைப் போனில் எத்தனை பேர் பார்த்துக் கைகூப்புகிற படம் அனுப்பியிருப்பார்கள்! ஒருத்தர் கண்ணிலும் மெழுகுவர்த்தி படவில்லை.

"நாளெ பூச கழிஞ்ஞு ஞான் வராம்" என்றார். நாளைக்குப் பூசை முடிந்து வருகிறாராம்.

"அம்மச்சிக்கு மலையாளத்துல பாவம் சொல்லத் தெரியாது அச்சா."

"தமிழில் பறஞ்ஞோட்டே. கேள்க்குன்னது ஞானல்லல்லோ." தமிழிலேயே சொல்லட்டும், கேட்கிறது நானில்லையே என்கிறார். அது எனக்கு நன்றாகவே மனசிலாயிற்று.

ஞாயிற்றுக்கிழமை அவருக்கு வழிகாட்டக் கூடவே நடந்தேன். வழியெல்லாம் நான்தான் பேசினேன். படி செங்குத்து, தலையில் இடிக்கும், பலகை ஒன்று ஆடும் என்று. அச்சன் ஒரு வார்த்தை பதில் சொல்லவில்லை. கழுத்திலிருந்து தொங்கிய சின்னப் பையை ஒரு கையால் நெஞ்சோடு அணைத்துக்கொண்டு, குனிந்து நடந்தார். நாக்கை நீட்டினதில் கோபம் போல என்று நினைத்தேன். அப்புறம்தான் பெரியம்மா சொன்னார், அதைக் கொண்டு போகும்போது வழியில் யாரோடும் பேசக் கூடாதாம். எனக்கு யார் சொன்னார்கள்?

பாவம் சொல்கிற நேரம் என்னை வெளியே நிற்கச் சொன்னார்கள். நான் ஒட்டுக் கேட்கிறவள் இல்லை. தெரு வரைக்கும் இறங்கிப் போய் நின்றேன். ஆனால் நேரம் போய்க்கொண்டே இருந்தது. ஒற்றை அறையில் தனியாகக் கிடக்கிற மனுஷி அவ்வளவு நேரம் சொல்ல என்ன பாவம் செய்திருக்க முடியும்? பேச ஆள் கிடைத்ததும் எல்லாவற்றையும் சொல்கிறாரோ என்னவோ என்று நினைத்துக்கொண்டேன்.

கூப்பிட்டதும் போனேன். மெழுகுவர்த்தி புதிதாக ஏற்றியிருந்தது. அச்சன் அந்த வெள்ளை அப்பத்தைத் தூக்கிப் பிடித்து மலையாளத்தில் ஏதோ சொன்னார். பெரியம்மா தமிழில் பதில் சொன்னார். ஆண்டவரே, நீர் என் வீட்டுக்குள் வர எனக்குத் தகுதி இல்லை என்று அர்த்தம் வருகிற ஒரு ஜெபம். வீடு என்ற இடத்தில் குரல் உடைந்து நின்றுவிட்டது. இத்தனை வருஷமும் கோயிலில் நின்றுகொண்டு சொன்ன ஜெபம்தான். அன்றைக்கு வீட்டிலேயே, ஒழுகுகிற ஓட்டுக்குக் கீழே உட்கார்ந்து சொன்னார். அச்சன் அவசரப்படவில்லை, காத்திருந்தார். பிறகு பெரியம்மா நாக்கை நீட்டினார், அவர் வைத்தார். ஆமென் மட்டும் இருவருக்கும் ஒன்றுபோலத் தெரிந்திருந்தது.

பெரியம்மா கண்ணைத் திறந்து என்னைக் காட்டி, "இவளுக்கு?" என்றார்.

அச்சன் மெல்லத் தலையசைத்தார். கிடையாது என்று.

எனக்கு வேண்டும் என்று நான் கேட்கவில்லை. எனக்கு எங்கள் சாமி போதும். இருந்தாலும் இரண்டு பேர் இருக்கிற அறையில் ஒருத்திக்கு மட்டும் கொடுத்தால், மற்றவள் எங்கே பார்ப்பாள்? நான் கதவோரம் கிடந்த அரிசிப் பையைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

அச்சன் போனார். மாசாமாசம் முதல் வெள்ளிக்கு வருகிறேன் என்று சொல்லிப் போனார். பெரியம்மா கொஞ்ச நேரம் கண்மூடி இருந்துவிட்டுச் சொன்னார்.

"கோயில்ல வரிசைல நிக்கும்போது முன்னால ஒருத்தி நிப்பா, பின்னால ஒருத்தி நிப்பா. பேச மாட்டாளுவ. பேரும் தெரியாது. ஆனா எல்லாரும் ஒரே பந்தில உக்காரப் போற மாதிரி இருக்கும் பாத்துக்க. இன்னிக்கு முன்னாலயும் சொவரு, பின்னாலயும் சொவரு."

நான் ஸ்டூலில் சிந்தியிருந்த மெழுகை நகத்தால் சுரண்டினேன்.

"ஏளா, அந்த அரிசிய எடு. பொங்கு. நீயும் நானும் திம்போம்."

பொங்கினேன். கொஞ்சம் கருவாடு இருந்தது, சுட்டேன். பரிமாறத் தட்டைத் தேடினேன். மாடத்தில் ஒரு தட்டு இருந்தது. இன்னொன்று எங்கே என்று பானைக்குப் பின்னால், கட்டிலுக்கு அடியில் எல்லாம் தேடினேன்.

"இன்னொண்ணு இல்லளா" என்றார் பெரியம்மா. "எங்க வீட்டுக்காரரு தட்ட, அவரு செத்த வருசமே வெலைக்குப் போட்டாச்சு. எதுக்கு ரெண்டு?"

கீழே இறங்கிப் போய் என் தட்டை எடுத்து வந்தேன். கட்டிலில் அவர், தரையில் நான். சாப்பிட்டோம். பலகைக்குக் கீழே என் அறை காலியாகக் கிடந்தது. எங்கள் தூசி யார் சோற்றிலும் விழவில்லை. சாப்பிட்டு முடித்து இரண்டையும் கழுவினேன். என்னுடையதை எடுத்துக்கொண்டு கிளம்பும்போது பெரியம்மா, "அது இங்கயே கெடக்கட்டும்" என்றார்.

மாடத்தில் அவர் தட்டுக்குப் பக்கத்தில் வைத்துவிட்டு வந்தேன். என் வீட்டிலும் அது ஒன்றுதான் தட்டு. இப்போது சோறு தின்ன தினமும் மேலே ஏற வேண்டியிருக்கிறது.